இருபத்தொன்றாம் நாள்

முதல் நாள், மாலை

பந்தலைப் பிரிக்கிறார்கள். மைக் செட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். கோப்பை வாங்கிய பெண் அதைத் தோழியிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மாங்குச்சியின் பால் பட்ட விரல் கறுத்துப்போகும், சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கழுவு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர்கள் கல்லூரிப் பேருந்து வந்துவிட்டது.

நிழல்வலைக்குள் 120 பைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டக்கலை படிக்கும் பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்குப் பத்து மா ஒட்டு, ஒரு மணி நேரம். ஒவ்வொரு செடியிலும் கயிற்றில் கட்டிய ஓர் அட்டை, அட்டையில் ஓர் எண். பெயர் எழுதக் கூடாது என்பது விதி. எந்தச் செடி யாருடையது என்று நடுவருக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

பதினொரு பேர் பத்தையும் முடித்தார்கள். ஒன்பதாம் எண்காரன் ஆறோடு நின்றுவிட்டான். மிச்சம் நான்கு செடிகள் வெட்டுப்படாமல், முழு இலையோடு, மற்ற எல்லாவற்றையும்விடப் பச்சையாக நிற்கின்றன. அவற்றிலும் அட்டை தொங்குகிறது.

மதிப்பெண்ணைப் பிற்பகலே போட்டுவிட்டோம். வெட்டு வழவழப்பாக இருக்கிறதா, ஆப்பின் இரண்டு பக்கமும் ஒரே நீளமா, குச்சியும் வேர்ச்செடியும் ஒரே பருமனா, டேப் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறதா, எவ்வளவு நேரம் ஆனது. ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இருபது. நூறு சரியாக வந்தது. ஒட்டு பிடித்ததா என்பதற்கு மட்டும் தாளில் கட்டம் இல்லை. அதைச் செடிதான் சொல்ல வேண்டும், சொல்வதற்கு மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

எனக்கு வீடு பக்கத்தில்தான். ஓய்வு பெற்று ஆறு ஆண்டாகிறது. காலை நடையை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. 21 நாளும் வந்து பார்த்து எழுதிவைப்பதாக உத்தேசம். இந்த நோட்டு அதற்காக வாங்கியது.


இரண்டாம் நாள்

ஆறரைக்கு நர்சரி அக்கா பூவாளியோடு நின்றார். மாணவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே. தினக்கூலியாக வந்தவர். ஒட்டுக் கட்டத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் இருக்கும்.

"போட்டிதான் முடிஞ்சிருச்சே சார்?"

"பிடிக்குதான்னு பாக்கணும்மா."

"பிடிக்கிறது பிடிக்கும்" என்றார். பூவாளி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

நேற்று மேசையில் அடுக்கியிருந்த குச்சிகளை யோசித்துப் பார்க்கிறேன். மென்தண்டு ஒட்டுக்குக் குச்சியை அன்று போய் வெட்டி வந்தால் ஆகாது. ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே தாய்மரத்தில் கிளையைத் தேர்ந்துகொண்டு, காம்பை விட்டுவிட்டு இலைகளை மட்டும் கிள்ளிவிட வேண்டும். இலை போனதும் நுனிமொட்டு திரளும். வெடிக்கப் போகிறது என்கிற தறுவாயில் வெட்டி எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். வேர்ச்செடியும் அப்படித்தான்: கொட்டை போட்டு முளைக்கவைத்து, பென்சில் கனத்துக்கு வரும்வரை வளர்த்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பருமனில் அமைய வேண்டும். 120 இமாம்பசந்த் குச்சி, 120 வேர்ச்செடி. எல்லாம் இந்த அக்காவும் உடன் வேலை செய்யும் இரண்டு பெண்களும் தயார் செய்தவை. ஒட்டு பிடிப்பதில் பாதி, மாணவர்கள் கத்தியை எடுக்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது.

பரிசளிப்பு விழாவில் நன்றியுரை பதினைந்து நிமிடம். பந்தல்காரர் பெயர்கூட வந்தது.


நான்காம் நாள்

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. செடியின் தலையில் கவிழ்த்த நீளப் பிளாஸ்டிக் பை உள்ளே வேர்த்திருக்கிறது. குச்சி ஐஸ் போடும் பைதான். உள்ளே ஈரம் குறைந்தால் குச்சி காய்ந்துவிடும், அதனால் அந்தக் குல்லா.

கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது இது. வெட்டுப்பட்ட இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய அடுக்கு செத்துக் கறுக்கிறது. அதற்கடியிலிருந்து வெள்ளையாக, உருவம் இல்லாத, மென்மையான திசு ஒன்று பொங்குகிறது. பாடத்தில் காலஸ் என்போம். இரண்டு பக்கத்திலிருந்தும் அது வளர்ந்து இடைவெளியை நிரப்ப வேண்டும். பிறகுதான் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுக்கும் அந்தப் பச்சை ஏடு, காம்பியம், இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பாலம் போடும். நீர் போகும் குழாய்களும் உணவு இறங்கும் குழாய்களும் அதற்குப் பிறகு.

இதில் ஒரு சூது உண்டு. குச்சி வேர்ச்செடியைவிட மெலிந்திருந்தால் நட்ட நடுவில் வைக்கத் தோன்றும். பார்வைக்கு அழகு. ஆனால் நடுவில் வைத்தால் காம்பியம் இரண்டு பக்கமும் தொடாது. ஒரு ஓரமாகத் தள்ளி, ஒரு பக்கமாவது தோலோடு தோல் சேரவைக்க வேண்டும். கோணலாகத்தான் தெரியும். கோணலாக இருப்பதே பிழைக்கும்.

போட்டியன்று நேர்த்தி என்று நினைத்து நான் எதற்கு மதிப்பெண் போட்டேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். சரியாக நினைவில்லை. நல்லதுதான்.


ஐந்தாம் நாள்

முதல் நாளில் செடி அடையாளம் காணும் போட்டிக்கும் நீளமான மேசை போட்டிருந்தோம். அதில் 50 குவளைகள், குவளைக்கு ஒரு கிளை. ஒரு கிளை முன் அரை நிமிடம். மணி அடித்ததும் நகர வேண்டும். தாவரவியல் பெயர், குடும்பம், பயன் மூன்றையும் எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண் போகும்.

பதினேழாவது குவளையில் சிவப்பு இட்லிப்பூ. ஒரு பெண் பார்த்ததும் சிரித்துவிட்டாள், வீட்டு வாசலில் இருக்கும் செடி போல. சிரித்தவள் எழுதத் திணறினாள். நாக்கு நுனியில் இட்லிப்பூ நிற்கிறது, தாள் இக்சோரா கேட்கிறது. மணி அடித்துவிட்டது.

அந்த இக்சோராவைத்தான் இன்றைக்கு யோசித்துக்கொண்டு நடந்தேன். அது ஈசுவரன் என்ற பெயர் போர்ச்சுக்கீசியர் வாயில் திரிந்து, அங்கிருந்து லத்தீனுக்குப் போன சொல். நம்மூர்க் கோயிலிலிருந்து கிளம்பி, கடல் கடந்து, செடியின் பெயராகி, தேர்வுத் தாளாகத் திரும்பி வந்திருக்கிறது. அதே செடி சங்கப் பாட்டில் வெட்சி. ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய பூ. அந்தப் போர்த் திணைக்கே அதன் பெயர். அரிசி மாவுப் பண்டத்தின் பெயரில் இப்போது தெருவில் நிற்கிறது.

மூன்று பெயரில் எதைச் சொன்னாலும் செடி திரும்பிப் பார்ப்பதில்லை.

பக்கத்துக் குவளையில் காகிதப்பூ. போகன்வில்லா என்று எல்லாரும் சரியாக எழுதினார்கள். பிரெஞ்சுக் கப்பல் தலைவர் போகன்வில்லின் பெயர் அது. 1767-இல் அந்தப் பயணத்தில் ரியோ டி ஜெனீரோவில் இறங்கிச் செடி சேகரித்தவர் கொமெர்சோன் என்ற தாவரவியலாளர். அவருக்கு உதவியாளாக, ஆண் வேடத்தில், கப்பலில் ஏறி வந்தவர் ழான் பாரே என்ற பெண். கொமெர்சோனுக்குக் கால் புண். மலையேறிச் சுமந்தது பெரும்பாலும் அந்தப் பெண்தான் என்பார்கள். உலகைச் சுற்றி வந்த முதல் பெண்மணி என்று இன்றைக்குச் சொல்கிறோம். 2012-இல்தான் கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். காகிதப்பூ கப்பல் தலைவர் பெயரிலேயே நிற்கிறது.


ஏழாம் நாள்

தூறல். நிழல்வலையிலிருந்து சொட்டுகிறது. குல்லாக்கள் அசையவில்லை. மூன்று குச்சிகள் கறுத்துவிட்டன. கறுப்பு கீழிருந்து ஏறினால் சேரவில்லை என்று பொருள், மேலிருந்து இறங்கினால் பூஞ்சாணம். மூன்றுமே கீழிருந்து.

அடையாளப் போட்டியில் ஒரு தகராறு நடந்தது. கத்தி போல நிமிர்ந்து நிற்கும் இலை, ஓரத்தில் மஞ்சள் கரை. நம் மருளின் உறவுச் செடி. வரவேற்பறைதோறும் இருக்கிறதே, அது. ஒரு கல்லூரிப் பையன்கள் சான்செவீரியா என்று எழுதினார்கள், இன்னொரு கல்லூரியினர் டிரசீனா. விடைத்தாளில் இருந்தது முதலாவது. இரண்டாவது எழுதியவர்கள் கைப்பேசியோடு வந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பேரினத்தையே டிரசீனாவில் சேர்த்துவிட்டார்கள், அவர்கள் சொன்னதுதான் சரி. இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுச் சமாதானம் செய்தோம்.

எனக்குச் சாமந்தி நினைவு வந்தது. நான் பாடம் நடத்திய காலத்தில் திடீரென்று அதன் பெயரை டென்டரான்திமா என்று மாற்றினார்கள். பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். உலகம் முழுவதும் பூ வியாபாரிகளும் வளர்ப்பவர்களும் முணுமுணுத்ததில், 1999-இல் தாவரவியல் மாநாடு பழைய கிரைசாந்திமத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டது. நடுவில் ஒரு தலைமுறை மாணவர்கள் எழுதியது அன்றைக்குச் சரி, இன்றைக்குத் தவறு. இந்த மாற்றம் நடந்தபோதெல்லாம் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் சாமந்தி சாமந்தியாகவே எடை போடப்பட்டது.

நம்மிடமும் ஓர் அடையாளப் பட்டியல் இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்கள். ஏட்டில் அந்தப் பட்டியலின் ஓரிடம் சிதைந்து, சில பூக்களின் பெயர் இல்லாமல் போயிருந்தது. உ.வே.சாமிநாதையர் தேடி அலைந்து தருமபுர ஆதீனத்து ஏடொன்றில் அவற்றைக் கண்டார். அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'உதிர்ந்த மலர்கள்' என்று பெயர் வைத்தார். ஏட்டில் பெயர் உதிர்ந்திருந்த காலம் முழுவதும் மலையில் அந்தப் பூக்கள் பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். பெயரைக் காணோம் என்று தவித்தது நாம் மட்டும்.


ஒன்பதாம் நாள்

லேண்ட்ஸ்கேப் போட்டி நடந்த மைதானத்தைச் சுற்றி வந்தேன். பத்துக்குப் பத்தடிச் சதுரங்கள், சதுரத்துக்கு நான்கு பேர், மூன்று மணி நேரம். இப்போது செம்மண் திட்டுகள் மட்டும்தான் கிடக்கின்றன.

அன்றைக்கு இங்கே ஊட்டி இருந்தது. ஒன்றல்ல, ஐந்து ஊட்டி. கொரியப் புல் பாய், நீலப் பிளாஸ்டிக் விரித்த குளம், குளத்தின் மேல் மூங்கில் பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு புத்தர். முன்னால் தெர்மோகோலில் வெட்டிய தலைப்பு: 'பசுமை', 'அமைதி', 'நாளைய உலகம்'. செடிகளைப் பையோடு, தொட்டியோடு மண்ணில் புதைத்து, விளிம்பைக் கூழாங்கல்லால் மறைத்திருந்தார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. கண்காட்சித் தோட்டம் என்றாலே அதுதான் வழக்கம். மே மாத மலர்க் கண்காட்சிக்கு மாதக்கணக்கில் முன்பே விதைத்து, தொட்டியில் வளர்த்து, பூக்கும் நாளுக்குக் கொண்டுவந்து அடுக்குவார்கள். கூட்டம் போனதும் தொட்டி திரும்பிப் போகும்.

ஆறாவது சதுரத்தில் ஒரு கொல்லைப்புறம் இருந்தது. துவைக்கிற கல், அதன் காலடியிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்காலோரம் சேம்பு, கனகாம்பரம், முடிவில் ஒரு வாழைக்கன்று. மூலையில் நட்ட முருங்கைப்போத்து. தலைப்பு எதுவும் வைக்கவில்லை. மறந்துவிட்டோம் என்றார்கள்.

நடுவர்கள் வந்தபோது அந்தக் குழுவில் ஒரு பெண் கல்லின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, எங்கும் தேங்காமல், அவசரப்படாமல் போய் வாழையின் அடியில் நின்றது. "பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்திருக்கோம் சார்." ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்பா கொத்தனாரா என்று கேட்டேன். அம்மா சித்தாள் என்றாள்.

உடன் இருந்த நடுவர், பார்வை போய் நிற்க ஓர் இடம் இல்லையே என்றார். பாடத்தின்படி அவர் சொன்னதும் சரி. எனக்குப் பார்வை அந்தத் தண்ணீரோடு போய் வாழையடியில் நின்றிருந்தது. இரண்டாம் பரிசு கொடுத்தோம்.

மற்ற ஐந்தையும் அன்று சாயங்காலமே அள்ளிவிட்டார்கள். துவைக்கிற கல்லைத் தூக்க ஆள் கிடைக்காததால் இது மட்டும் கிடக்கிறது. நர்சரிப் பெண்கள் மதியம் தூக்குவாளியை அதில்தான் கழுவுகிறார்கள். வாழை ஒரு இலை விட்டிருக்கிறது.


பதினோராம் நாள்

வழியில் ஒரு பையன் குத்துக்காலிட்டு, கொரியப் புல்தரையிலிருந்து அருகம்புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். செய்முறை வகுப்பாம். களை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு செங்கல் மேடையில் பிள்ளையார். கழுத்தில் அருகம்புல் மாலை. அவனுக்கு முன்னால், சாலைக்கு அந்தப் பக்கம், தனியார் நர்சரியின் பலகை: பெர்முடா புல், சதுர அடிக் கணக்கில். பெர்முடாவும் அருகும் ஒரே இனம். நர்சரியில் விற்பது பெரும்பாலும் அதன் கலப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முப்பது அடிக்குள் ஒரு புல் களை, பூசைப் பொருள், விற்பனைச் சரக்கு என்று மூன்றாக நிற்கிறது. அடையாள மேசையில் அதை வைத்து 'பயன்' என்று கேட்டால் என்ன எழுதுவது? முப்பது வருஷம் கேள்வித்தாள் தயாரித்தவன் நான், ஒருநாளும் அதை வைத்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்த செடி என்று விட்டிருப்பேன்.


பன்னிரண்டாம் நாள்

துளிர்!

குல்லாக்களுக்குள் செம்பு நிறத்தில் நாக்கு நீட்டியிருக்கிறது. நோட்டில் எண் வாரியாகக் குறித்தேன். நான்காம் எண், கோப்பை வாங்கிய பெண்ணுடையது, பத்தில் ஏழு. பதினோராம் எண் எட்டு. ஒன்பதாம் எண் ஆறில் இரண்டு. நடுவராக நாங்கள் போட்ட வரிசையும் செடி போடும் வரிசையும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. மனசுக்கு ஒரு நிம்மதி. அதை மறைக்க வேண்டியதில்லை.

அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத நம்பாதீங்க சார். குச்சி தன் கட்டுச்சோத்தத் தின்னு துளுக்குது. அது தீர்ந்தப்புறந்தான் தெரியும்."

எனக்குத் தெரியாததா? வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்: குச்சியில் சேமித்த மாவுப்பொருளை வைத்தே மொட்டு விரியும். கீழே இணைப்பு நடந்திராவிட்டால் ஒரு வாரத்தில் அந்தத் துளிர் தொங்கிவிடும். ஆனால் 'சேமிப்பு உணவு' என்று சொல்லும்போது தெரியாத ஒன்று கட்டுச்சோறு என்றதும் தெரிகிறது. ஊரைவிட்டுக் கிளம்பியவன் மூட்டையைப் பிரித்துச் சாப்பிடுகிறான். போய்ச் சேர்ந்த ஊரில் அடுப்பு மூட்டினானா என்பது இன்னும் தெரியாது.

வெளியூர்ப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளும் வீட்டில் கட்டிக் கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் முதலில் துளிர்க்கிறார்கள்.

குறித்ததை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவைத்தேன்.


பதினைந்தாம் நாள்

ஒரு மாணவன் கைப்பேசியில் காணொளி காட்டினான். 2024 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் நடந்த வேர்ல்ட்ஸ்கில்ஸ் போட்டி. லேண்ட்ஸ்கேப்புக்கு இருவர் அணி, 22 வயதைத் தாண்டாதவர்கள். பெரிய கூடத்துக்குள் மண்ணைக் கொட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கல் பாவி, சுவர் அடுக்கி, மரத்தளம் அறைந்து, தண்ணீர் விட்டு, செடி நட்டு, நான்கு நாளில் ஒரு தோட்டம். வரைபடம் எல்லாருக்கும் ஒன்றே. கல்லின் உயரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். எவரும் பேசவில்லை. ஒருவன் கல்லை நீட்டும்போது மற்றவன் கை ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னான். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கான தேசிய லேண்ட்ஸ்கேப் போட்டியில் செடி அடையாளமும் உண்டு, டிரக்கின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி ஓட்டுவதும் உண்டு. சின்ன எஞ்சினைப் பழுதுபார்ப்பது, பாசனக் குழாய் பொருத்துவது, கயிறு கட்டி மரமேறுவது எல்லாம் தனித்தனிப் போட்டிகள். நம்மிடம் புல்வெட்டும் இயந்திரம் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை புல் வளரும். மரமேற ஓர் ஆள், குழாய்க்கு ஓர் ஆள், மண் சுமக்க ஓர் ஆள் இருப்பார்கள். பட்டம் வாங்குகிறவர் கையில் தாள் இருக்கும்.

அந்த ஆறாவது சதுரத்துப் பெண் நினைவுக்கு வந்தாள். வாட்டம் அவளுக்கு வீட்டுச் சொத்தாக வந்தது. பாடத்திட்டம் கொடுத்ததில்லை.

"கூடத்துக்குள்ள கட்டுன தோட்டத்த அப்புறம் என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டான்.

"கூடத்தைக் காலி பண்ணித்தானே கொடுக்கணும்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காணொளியை முதலிலிருந்து ஓட்டினான்.


பதினேழாம் நாள்

துளிர்களில் சில தலை தொங்கிவிட்டன. அக்கா சொன்னபடிதான்.

இன்றைக்கு நிழல்வலைக்குள் ஒன்பதாம் எண்காரன் இருந்தான். இந்தக் கல்லூரிப் பையனே. மிச்சமிருந்த நான்கு செடிகளையும் கட்டலாமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறான். இடுப்பிலிருந்து தன் கத்தியையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கல்லூரிக் கத்தி எவ்வளவு தீட்டினாலும் கத்திதான். இது தேய்ந்து தேய்ந்து அவர் கட்டைவிரலின் வளைவுக்கு வந்துவிட்ட கத்தி.

நான் சாக்கின்மேல் உட்கார்ந்து பார்த்தேன். போட்டியன்று அவனுக்கு ஏன் நேரம் போனது என்று இப்போது புரிந்தது. கத்தியைத் தள்ளித் தள்ளிச் சீவுகிறான். வெட்டு படிப்படியாக விழுகிறது. பிறகு படியைச் சமப்படுத்தச் சீவுகிறான். அதற்குள் குச்சி மெலிந்துவிடுகிறது, வேறு குச்சி எடுக்கிறான்.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"கத்தியத் தள்ளாத தம்பி. கத்தி அங்கனயே இருக்கட்டும். குச்சிய இழு."

கத்தி பிடித்த கையை விலாவோடு அணைத்துவைத்து, குச்சியை மட்டும் ஒரே இழுப்பில் பின்னால் இழுத்துக் காட்டினார். சத்தம்கூட இல்லை. வெட்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

முப்பது வருஷமாக 'ஒரே வெட்டில் ஆப்பு வர வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதியவன் நான். எது நகர வேண்டும், எது நிற்க வேண்டும் என்று எழுதியதில்லை. எனக்கும் கை அப்படித்தான் செய்யும் என்று நினைக்கிறேன். கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

நான்கையும் கட்ட அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பழக்கதோஷம்.


இருபத்தொன்றாம் நாள்

நடுவில் மூன்று நாள் வர முடியவில்லை. மதுரையில் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. இன்று விடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வரிசைகள் மாறியிருந்தன. குல்லாக்களைக் கழற்றியாயிற்று. தழைத்தவை ஒரு பக்கம், கருகியவை ஒரு பக்கம். எந்தச் செடியிலும் அட்டை இல்லை.

"நம்பர் அட்டையெல்லாம் எங்கம்மா?"

"அவுத்துட்டேன் சார். அப்படியே வித்துட்டா வாங்கிட்டுப் போறவுக அவுக்க மாட்டாக. தண்டு பெருக்கையில கயிறு இறுக்கி வெட்டிரும்ல."

உண்மைதான். ஒட்டுக் கட்டிய டேப்பையே சில மாதம் கழித்து மறக்காமல் அறுத்துவிடச் சொல்கிறோம். பிழைக்கவைத்த கட்டே பிறகு கழுத்தை நெரிக்கும்.

ஆக, என்னிடம் எண் வாரியாக இருப்பது பன்னிரண்டாம் நாள் கணக்கு மட்டும்தான். கட்டுச்சோற்றுக் கணக்கு. கோப்பை வாங்கிய பெண்ணின் ஏழும் நின்றனவா, மூன்று நின்றனவா, இனித் தெரியாது. இத்தனை நாள் நடந்தது இதைத் தெரிந்துகொள்ளத்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அக்கா பூவாளியை நிரப்பப் போனார். நான் எண்ணத் தொடங்கினேன்.

கட்டியவை 116. தழைத்தவை 84. கருகியவை 32.

கருகிய 32-இலும் குச்சிதான் செத்திருக்கிறது, வேர்ச்செடி சாகவில்லை. ஒட்டுக்குக் கீழிருந்து பக்கத்துளிர் கிளம்பியிருக்கிறது. அந்தத் துளிரைத் தடியாக்கி அடுத்த பருவத்தில் அதிலேயே கட்டலாம் என்றார் அக்கா. தழைத்த 84-உம் இன்னும் சில மாதத்தில் விற்பனைக்குப் போகும். தேனியிலோ திண்டுக்கல்லிலோ ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையில், நான்கைந்து ஆண்டில் காய்க்கும். சாப்பிடுகிறவர் இமாம்பசந்த் என்று சொல்வார். அதற்குமேல் யாரையும் கேட்க மாட்டார்.

அட்டைகள் ஒரு பழைய டால்டா டப்பாவில் இருந்தன. "வேணுமா சார்?" என்று நீட்டினார். வேண்டாம் என்றேன். அடுத்த வருஷப் போட்டிக்கு ஆகும்.

திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது. தழைத்த வரிசையிலும் சேராமல், கருகிய வரிசையிலும் சேராமல், நிழல் அதிகமான மூலையில் தனியாக நான்கு பைகள். அட்டை இல்லாவிட்டாலும் யாருடையவை என்று தெரிகிறது: அவற்றின் தலையில் மட்டும் இன்னும் குல்லா இருக்கிறது. உள்ளே வேர்த்திருக்கிறது. பார்ப்பதற்கு வேறு ஒன்றுமில்லை.

அவற்றுக்கு இன்று ஐந்தாம் நாள்.